அபினைத் தடுத்த சட்டமா, அபினை விற்ற சட்டமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டுப் பரணில் கிடைத்த பழைய காகிதங்களில், கொள்ளுத்தாத்தா பெயருக்கு 1920களில் கொடுக்கப்பட்ட ஓர் அபின் கடை லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் 'அபின் சட்டம்' 1878-லேயே வந்துவிட்டது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அவர் செய்தது சட்டவிரோதத் தொழிலா? வெள்ளைக்காரன் அபினைத் தடை செய்தானா, இல்லை அவனே விற்றானா?

இரண்டாவது கேள்விக்கான பதிலில் முதல் கேள்வியும் அடங்கிவிடும். அவனே விற்றான். சட்டம் போட்டதும் அதற்காகத்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தச் சட்டத்தை மீறியவர் அல்ல, அந்தச் சட்டத்தின் கடைசிக் கண்ணி. 1878 சட்டத்தை எடுத்துப் படித்தால் 'அபின் கெட்டது, யாரும் தொடக்கூடாது' என்று எங்கேயும் இருக்காது. 'எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது' என்றுதான் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இருநூறு வருடக் கதையும் புரிந்துவிடும்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்காளம் பீகார் அபின் வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக ஆக்கினார். அதற்கு முன்பு பட்னா வியாபாரிகளும், சம்பளத்துக்கு மேலே சொந்தக் கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்த கம்பெனி ஊழியர்களும் அதில் புரண்டுகொண்டிருந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் சொன்ன நியாயம் சுவாரசியமானது. அபின் வாழ்க்கைக்கு அவசியமான பொருள் இல்லை, கேடு விளைவிக்கும் ஆடம்பரம், ஆகவே வெளிநாட்டு வியாபாரத்துக்கு மட்டுமே அதை அனுமதிக்கவேண்டும் என்பது அவர் வாதம். நம் ஊர்க்காரன் கெட்டுப்போகக்கூடாது, வெளியூர்க்காரன் எக்கேடும் கெடட்டும் என்று இதை மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் நம் ஊர்க்காரனுக்கும் விற்றார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் காண்ட்ராக்ட் முறை இருந்தது. 1790களின் கடைசியில் அதை விட்டுவிட்டு அரசாங்கமே நேரடியாக ஏஜென்சி வைத்து நடத்த ஆரம்பித்தது. பட்னாவில் ஒன்று, காசி வட்டாரத்துக்காக காஜிப்பூரில் ஒன்று. விவசாயி அபின் தரும் கசகசாச் செடியை விளைவிப்பான், அரசாங்கத் தொழிற்சாலை பக்குவம் செய்யும், கல்கத்தாவில் பெட்டி பெட்டியாக ஏலம் விடுவார்கள். ஒரு பெட்டியில் 40 உருண்டைகள், மொத்த எடை ஏறக்குறைய 60, 65 கிலோ. உருண்டையின் மேலோடு எதனால் செய்தது தெரியுமா? அதே கசகசாச் செடியின் பூவிதழ்களைச் சேகரித்து, ரொட்டி போலத் தட்டி, அதைக்கொண்டு சுற்றினார்கள். செடியில் எதையும் வீணாக்கவில்லை. விதை நம் குருமாவுக்கு வரும் கசகசா. அதில் போதை கிடையாது, அன்றைக்கும் இன்றைக்கும் சட்டம் அதைத் தனியாகத்தான் பார்க்கிறது.

சீனாவில் அபினுக்கு 1729-லிருந்தே தடை ஆணைகள் இருந்தன. அதனால் கம்பெனி தன் சொந்தக் கப்பலில் அபினை ஏற்றுவதை விட்டுவிட்டது. கல்கத்தா ஏலத்தில் தனியார் வியாபாரிகளுக்கு விற்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. அங்கிருந்து கான்டன் வரை கொண்டுபோய்க் கள்ளத்தனமாக இறக்குவது அவர்கள் பாடு. அதாவது ஒரே பெட்டி கல்கத்தாவில் அரசாங்கச் சரக்கு, சீனக் கரையில் கடத்தல் சரக்கு. 1800 வாக்கில் ஆண்டுக்கு நாலாயிரம் பெட்டி அளவில் இருந்த வியாபாரம் 1830களின் இறுதியில் நாற்பதாயிரத்தைத் தொட்டது. 1839-ல் ஆணையர் லின் ட்ஸெஷு 20,000 பெட்டிகளுக்கு மேல் பறித்து அழித்தார், போர் வந்தது, 1842-ல் ஹாங்காங் போனது. இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் வருவதால் வேகமாகத் தாண்டுகிறேன். சீனாவே அபின் இறக்குமதியைச் சட்டபூர்வமாக்கி வரி வாங்கச் சம்மதித்தது 1858-ல், இரண்டாவது போரின் நடுவில், என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பலரும் விட்டுவிடுவது 1857-ம் வருடத்து 13-வது சட்டத்தை. சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருடம். 1799, 1816 ஆண்டுகளின் பழைய ஒழுங்குவிதிகளைத் திரட்டி, வங்காள மாகாணப் பகுதிகளில் கசகசாச் சாகுபடிக்குப் போட்ட சட்டம் அது. லைசென்ஸ் இல்லாமல் பயிரிடக்கூடாது. எவ்வளவு நிலத்தில் பயிரிடுவது என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். விளைந்த அபின் முழுவதையும் அரசாங்க ஏஜெண்டிடம் மட்டுமே கொடுக்கவேண்டும், அதுவும் அரசாங்கம் சொன்ன விலைக்கு. எடை, தரம் பார்ப்பது எல்லாமே அவர்கள் ஆள்.

இதில் முன்பணம் என்று ஒன்று உண்டு. விதைப்புக்கு முன்பே விவசாயிக்குக் கையில் காசு வரும். அதற்கு வட்டி கிடையாது. நல்ல விஷயம் மாதிரித்தான் தெரியும். நிலவரித் தவணை கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வரும் காசு என்பதால் வாங்காமலும் இருக்க முடியாது. வாங்கியபின் சொன்ன அளவு நிலத்தில் பயிரிடவில்லை என்றால், குறைந்த நிலத்துக்கு வாங்கிய முன்பணத்தைப் போல மூன்று மடங்கு அபராதம். காகிதத்தில் சாகுபடி விருப்பத்தின் பேரில்தான். வயலில் அது எந்த அளவுக்கு விருப்பம் என்பதை, முன்பணம் வாங்கிக் கரும்பு போட்ட எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். காய் கீறும் வேலையோ படு நுணுக்கமானது. இதழ் உதிர்ந்தபின் பச்சைக் காயில் சாயங்காலம் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து உறைந்த பாலைக் காலையில் சுரண்டி எடுக்கவேண்டும். ஒரே காயில் திரும்பத் திரும்பக் கீறவேண்டும். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வயலில் இருப்பார்கள். இவ்வளவுக்கும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயிக்குக் கிடைத்தது சேருக்கு (ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) ஐந்து ரூபாயை ஒட்டித்தான். கல்கத்தா ஏலத்தில் ஒரு பெட்டி ஆயிரம் ரூபாய்க்கு மேல் போன காலம் அது.

இந்தச் சட்டத்தின் பாதிப்பு வங்காள ஏஜென்சி எல்லைக்குள்தான். மத்திய இந்தியாவின் மாளவ அபின் சமஸ்தானங்களில் விளைந்தது, அங்கே கம்பெனி சட்டம் செல்லாது. அதனால் பம்பாய் வழியாகப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் சுங்கம் வைத்தார்கள். ரொம்ப ஏற்றினால் சரக்கு கராச்சி வழியாகச் சுற்றிப் போர்த்துகீசிய டாமனுக்குப் போய்விடும். 1843-ல் சிந்து பிரிட்டிஷார் கைக்கு வந்ததும் அந்தப் பாதை அடைபட்டது, சுங்கம் கிடுகிடுவென்று ஏறியது. பட்னாவில் ஏகபோகம், மாளவத்தில் சுங்கம்: வழி இரண்டு, கஜானா ஒன்று. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு நிலவரிக்கு அடுத்தபடியாக அபின் இருந்தது, உச்சத்தில் மொத்த வருவாயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளாமல் எந்த அபின் சட்டத்தையும் படிக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அஸ்ஸாமில் நடந்ததைப் பாருங்கள். அங்கே விவசாயிகள் தங்கள் தேவைக்குத் தாங்களே கசகசா பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1860-ல் அரசு அந்தச் சாகுபடியைத் தடை செய்தது. ஆஹா, போதை ஒழிப்பு என்று நினைக்கவேண்டாம். பயிரைத் தடுத்துவிட்டு, வங்காளத்திலிருந்து வந்த அரசாங்க அபினை அங்கே விற்றார்கள். வீட்டுக் கொல்லையில் இலவசமாகக் கிடைத்தது கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. கூடவே வருமான வரி வருகிறது, வெற்றிலை பாக்குக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு. 1861 அக்டோபரில் நௌகாங் மாவட்டத்தின் புலகுரியில் விவசாயிகள் கூடினார்கள், கலைக்க வந்த லெப்டினென்ட் சிங்கர் கொல்லப்பட்டார், பதிலுக்குத் துப்பாக்கிச் சூடு நடந்தது. தடை என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து அரசாங்க அகராதியில் என்ன பொருள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, 1878. உங்கள் லைசென்ஸின் மூலச் சட்டம். அந்த வருடத்தின் முதல் சட்டமே அதுதான். நாலாவது பிரிவு பெரிய கதவை மூடுகிறது: கசகசா பயிரிடுவது, அபின் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, ஏற்றுமதி, இறக்குமதி, விற்பனை எதுவும் கூடாது, சட்டமோ விதியோ அனுமதித்தால் தவிர. ஐந்தாவது பிரிவு அந்தக் கதவில் ஒரு சின்ன வாசலைத் திறக்கிறது: அந்தந்த மாகாண அரசு விதி போட்டு இவற்றை அனுமதிக்கலாம். மொத்த வியாபாரமும் அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் நடந்தது. கடைக்கு லைசென்ஸ் யாருக்கு, எந்த ஊரில், வாடிக்கையாளருக்கு ஒரு தடவையில் எத்தனை தோலா என்பதெல்லாம் விதிகளில்தான் இருக்கும். ஒரு தோலா ஏறக்குறைய 11.7 கிராம். பல இடங்களில் கடை உரிமையை வருடா வருடம் ஏலம் விட்டார்கள். சாராயக் கடை ஏலம் போலவே. சரக்கு அரசாங்கக் கிடங்கிலிருந்து வரும். வெளியே வாங்கி விற்றால் லைசென்ஸும் போகும், வழக்கும் வரும்.

ஒன்பதாவது பிரிவு தண்டனை: ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. வரி ஏய்ப்புக்குக் கொடுக்கும் தண்டனையின் அளவுதான். அது வரி ஏய்ப்புக் குற்றமாகத்தான் பார்க்கப்பட்டது. அபின் சாப்பிட்டவன் குற்றவாளி அல்ல. கணக்கில் வராத அபினைச் சாப்பிட்டவன்தான் குற்றவாளி.

சட்டம் படிக்கிறவர்கள் நின்று கவனிக்கவேண்டியது அதற்கு அடுத்த பத்தாவது பிரிவை. ஒருவனிடம் அபின் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று அவனால் திருப்தியாகக் கணக்குச் சொல்ல முடியவில்லை என்றால், மாறாக நிரூபிக்கும் வரை அவன் குற்றம் செய்தவன் என்றே கோர்ட் அனுமானிக்கும். குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு என்ற பொது விதி இங்கே தலைகீழாகிறது. ஏன்? வரி வசூலிப்பவனின் கண்ணோடு பார்த்தால் நியாயம் போலத் தோன்றும். சரக்கு முழுவதும் அரசாங்கத்துடையது, உன் கையில் இருப்பதற்கு ரசீது காட்டு, இல்லாவிட்டால் அது திருட்டுச் சரக்கு. ஒரு வியாபாரியின் கிடங்குக் கணக்கு குற்றவியல் சட்டமாக மாறிய இடம் இது. இதற்குத் திரும்ப வருவேன்.

கஞ்சா தனிப் பாதை. அபினுக்கு மத்தியச் சட்டம் என்றால், கஞ்சாவுக்கு மாகாணங்களின் ஆப்காரிச் சட்டங்கள், அதாவது மது, போதைப் பொருள் வரிச் சட்டங்கள். நம் பக்கத்தில் 1886-ன் சென்னை ஆப்காரிச் சட்டம். பயிரிடும் இடத்தைச் சுருக்கி, கிடங்கில் சேர்த்து, வரி வாங்கி, லைசென்ஸ் கடைக்கு அனுப்பும் அதே சூத்திரம்தான். சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா பக்கம் தக்குப்பாடு, வட ஆற்காட்டில் சந்தவாசல் ஆகிய வட்டாரங்கள் கஞ்சாவுக்குப் பேர்போனவை. வங்காளத்தில் ராஜ்ஷாஹியின் நவ்காவ். அபினைப் பொறுத்தவரை சென்னை மாகாணம் பெரிய வாடிக்கையாளர் அல்ல. கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கம்தான் அதிகம், மலைக்காய்ச்சலுக்கு அபின் நல்லது என்ற நம்பிக்கை அங்கே உண்டு. தமிழ் மாவட்டங்களில் ஒரு கடைக்காரர் அபினை மட்டும் நம்பிப் பிழைத்திருப்பது கஷ்டம். உங்கள் காகிதக் கட்டில் கஞ்சா லைசென்ஸும் சேர்ந்தே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கிலாந்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அபின் வியாபாரத்தை எதிர்த்த சங்கங்களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முன்னணியில் இருந்தார்கள். 1893 ஜூனில் இந்திய அபின் பற்றிய தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் வெப் என்ற அயர்லாந்துக்காரர். அடுத்த வருடம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தாரே, அதே வெப். அவருடைய தீர்மானத்தைப் பிரதமர் கிளாட்ஸ்டன் திருத்தி நீர்த்துப்போக வைத்தார். நிறுத்தினால் இந்தியக் கஜானாவுக்கு என்ன ஆகும் என்பது விசாரணைப் பொருளில் ஏறிக்கொண்டது. பிராஸ்ஸி பிரபு தலைமையில் ராயல் கமிஷன் வந்தது. தர்பங்கா மகாராஜாவும் ஜூனாகட் திவான் ஹரிதாஸ் விஹாரிதாஸும் அதில் இருந்த இந்தியர்கள். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்துவிட்டு 1895-ல் சொன்ன முடிவு: இந்தியர்கள் அபினை அளவோடுதான் சாப்பிடுகிறார்கள், பெரிய கேடு ஒன்றும் இல்லை, தடை வேண்டாம், இப்போதைய முறையே நல்லது. ஹென்றி வில்சன் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். சாட்சிகளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவதில் இந்திய அதிகாரிகளின் கை இருந்தது என்பது அவருடைய குறைகளில் ஒன்று.

அந்தக் கமிஷனை வெறும் நாடகம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சாப்பிடும் அபினும் புகைக்கும் சண்டுவும் ஒன்றல்ல, வைத்தியர் இல்லாத ஊரில் அபின்தான் வலிக்கும் பேதிக்கும் மருந்து என்று சாட்சிகள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மை கஜானாவுக்கு ரொம்ப வசதியாக இருந்தது என்பதுதான் சிக்கல். அதே ஆண்டுகளில் நடந்த கஞ்சாக் கமிஷன் இதைவிட ஒழுங்கான வேலை செய்தது என்பேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள், ஏழு தொகுதி அறிக்கை. கஞ்சா குடித்துப் பைத்தியம் ஆனவர்கள் என்று மனநல விடுதிகள் கொடுத்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். பல பதிவுகளில் காரணத்தை எழுதியது டாக்டர் அல்ல, ஆளைக் கொண்டுவந்த போலீஸ் சொன்னதை அப்படியே ஏற்றியிருந்தார்கள் என்று தெரிந்தது. அதன் முடிவும் தடை வேண்டாம், வரி போடுங்கள் என்பதுதான்.

பர்மாவில் மட்டும் வேறு மாதிரி. கீழ்ப் பர்மாவில் 1890களில், ஏற்கெனவே பழகிப்போய்ப் பெயரைப் பதிந்துகொண்டவர்களைத் தவிர மற்ற பர்மியர்களுக்கு அபின் கூடாது, சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் உண்டு என்று வைத்தார்கள். கடைவாசலில் நிற்பவனின் இனத்தைப் பார்த்துச் சரக்குக் கொடுக்கும் சட்டம்.

கணக்கு மாறியது சீனாவால். அங்கேயே உள்நாட்டுச் சாகுபடி பெருகி, இந்திய அபினுக்கு மவுசு குறைய ஆரம்பித்திருந்தது. 1907 ஒப்பந்தப்படி 51,000 பெட்டி என்ற அடிப்படை எண்ணிலிருந்து வருடத்துக்கு 5,100 பெட்டி வீதம் குறைத்துப் பத்து வருடத்தில் நிறுத்துவது, சீனாவும் தன் சாகுபடியை அதே வேகத்தில் குறைப்பது என்று பேச்சு. பத்து வருடம் ஆகவில்லை. 1913-லேயே சீனாவுக்கான விற்பனை நின்றது. மிச்சச் சரக்கு சிங்கப்பூர், பினாங்கு, டச்சு, பிரெஞ்சு காலனிகளுக்குப் போயிற்று. மலாயாவில் முதலில் சீன முதலாளிகளுக்குச் சண்டுக் குத்தகை விட்டிருந்தார்கள். 1910-ல் ஜலசந்திக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) அரசே குத்தகையை எடுத்துக்கொண்டு சண்டு காய்ச்சி விற்றது. அந்த அரசின் வருவாயில் பாதி சண்டுவிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. அங்கே முழுத் தடை போருக்குப் பிறகு 1946-ல்தான்.

இதற்கிடையே உலக மேடை ஒன்று முளைத்துவிட்டது. 1909-ல் ஷாங்காய் கூட்டம், 1912-ல் ஹேக் உடன்படிக்கை. முதல் உலகப்போர் முடிந்து வெர்சேல்ஸில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் ஹேக் உடன்படிக்கையையும் ஏற்றதாகவே ஆயிற்று. அப்புறம் 1924-25-ல் ஜெனீவா. அமெரிக்கர்கள் கோபித்துக்கொண்டு நடுவில் வெளியேறினார்கள். எகிப்து கஞ்சாவையும் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. மத, சமூக வழக்கங்களைக் காட்டி இந்திய அரசு தயங்கியது. கடைசியில் நாடுகளுக்கு இடையிலான கஞ்சா வியாபாரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு என்று சமரசமானது. உள்நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறு சேர் அபின் என்பது நியாயமான மருத்துவத் தேவை என்று, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ஓர் அளவுகோல் வைத்தது. இந்தியாவில் பல மாவட்டங்கள் அதைப்போலப் பல மடங்கில் இருந்தன, அஸ்ஸாம் எல்லாவற்றையும் மிஞ்சியது. அஸ்ஸாம் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழு போட்டது, காந்தியின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் அதற்காக உழைத்தார். 1926-ல் இந்திய அரசு மருத்துவம் அல்லாத ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைத்து 1935 முடிவில் நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஏற்றுமதி அப்படியே நின்றது.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் 1930-ன் இரண்டாவது சட்டம், அபாயகரமான மருந்துகள் சட்டம். முகவுரையிலேயே ஜெனீவா உடன்படிக்கையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. 'அபாயகரம்' என்ற சொல் சட்டத்தின் தலைப்புக்கு வந்ததே பெரிய மாற்றம், அதுவரை அபின் வெறும் 'அபின்'தான். கோகோ இலை, கஞ்சா, அபின், இவற்றிலிருந்து தயாரிக்கும் மார்ஃபின், ஹெராயின், கோகெய்ன் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. கோகெய்ன் ஏற்கெனவே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வட இந்திய நகரங்களில் வெற்றிலையில் வைத்து மெல்லும் பழக்கமாகப் பரவியிருந்தது. அது செடியாக இங்கே விளைவதில்லை, அரசுக்கு அதில் ஏகபோகமும் இல்லை. ஆகவே அதை ஒடுக்குவதில் யாருக்கும் மனக்கஷ்டம் இருக்கவில்லை.

ஆனால் 1930 சட்டம் 1878 சட்டத்தை அழிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு ஆப்காரி மாகாண மந்திரிகளின் துறை. அவரவர் வருமானத்தில் கை வைக்க முடியாது. அதனால் தயாரிப்பு மருந்துகள், கோகோ, நாடு கடந்த வியாபாரம் போன்றவற்றை மத்திய அரசு இறுக்கிப் பிடித்தது, தண்டனைகளை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கியது. ஊர்க் கடையில் ஒரு தோலா அபின் விற்பது வழக்கம்போல மாகாண விதிப்படி நடந்தது. ஹெராயின் அபாயகரமான மருந்து, லைசென்ஸ் கடை அபின் அரசாங்கச் சரக்கு. இரண்டும் ஒரே செடி.

இலங்கையிலும் ஏறக்குறைய இதே காலத்தில் 1929-ன் 17-வது கட்டளைச் சட்டம் வந்தது. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் என்று மூன்றையும் ஒன்றாக்கிய அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் அங்கே அமலில் இருக்கிறது. மலேசியாவின் 1952 சட்டமும் பிரிட்டிஷ் காலத்ததுதான். தூக்குத் தண்டனைப் பிரிவு மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகு 1975-ல் சேர்த்தது.

நம் பக்கத்தில் 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கியது தெரிந்திருக்கும். அந்தச் சட்டத்தின் பிடியில் கள், சாராயத்தோடு கஞ்சாவும் வந்தது. அபின் தன் பழைய சட்டங்களின் கீழேயே இருந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் இன்றைக்குக் கட்டும் வரியின் வம்சாவளியில் ஒரு கிளை அந்த ஆப்காரிக் கணக்கில் போய் முட்டுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் மத்திய, மாகாண அரசுகள் கூடிப் பேசி, மருத்துவம் அல்லாத அபின் விற்பனையைப் பத்து வருடத்தில் முடிப்பது என்று தீர்மானித்தன. 1959 மார்ச் 31 கெடு. அதன் பிறகு லைசென்ஸ் கடை கிடையாது. 1857, 1878, 1930 மூன்று சட்டங்களும் 1985 வரை உயிரோடு இருந்தன. அந்த வருடம் நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்த என்.டி.பி.எஸ். சட்டம்தான் (போதை மருந்துகள், மனமயக்கப் பொருட்கள் சட்டம்) மூன்றையும் ஒரேயடியாக நீக்கியது. பழைய சட்டத்தில் உச்சபட்சம் மூன்று வருடம், மறுமுறை பிடிபட்டால் நான்கு. புதிய சட்டத்தில் பெரிய குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடம், ஒரு லட்சம் அபராதம். ஆரம்பத்தில் சின்ன வியாபாரியும் பெரிய கடத்தல்காரனும் ஒரே தராசில் நின்றார்கள். அளவைப் பொறுத்துத் தண்டனை என்று 2001-ல் தான் திருத்தினார்கள்.

நீக்கிவிட்டார்கள் என்றேன். முழுவதும் நீங்கவில்லை. பத்தாவது பிரிவுக்குத் திரும்ப வருவேன் என்று சொன்னேன் அல்லவா? இன்றைய சட்டத்தின் 54-வது பிரிவைப் படியுங்கள். வைத்திருந்த பொருளுக்குத் திருப்தியாகக் கணக்குச் சொல்லாவிட்டால் குற்றம் செய்ததாக அனுமானிக்கலாம் என்று இருக்கும். 1878-ல் கிடங்குக் கணக்குக்காக எழுதிய வாக்கியம், ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு எழுதிய வாக்கியம், இப்போது இருபது வருடச் சிறைக்கு வேலை செய்கிறது. வரி அதிகாரியா, போலீஸா என்ற பழைய குழப்பமும் கூடவே வந்தது. இந்தச் சட்டத்தின்படி விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, அவரும் போலீஸ் அதிகாரிக்குச் சமம்தான் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது 2020-ல், தூஃபான் சிங் வழக்கில். எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு.

1857-ன் வயலும் அப்படியே இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மருந்துக்காக இன்றும் லைசென்ஸ் சாகுபடி நடக்கிறது. அரசு வைத்த விலை, அரசு வாங்கும் எடை, குறைந்தபட்ச மகசூல் கொடுக்காதவருக்கு அடுத்த வருடம் லைசென்ஸ் கஷ்டம். ஊர் விவசாயிகளுக்குத் தலைவராக ஊருக்கு ஒரு லம்பர்தார் என்ற பதவிப் பெயர்கூட மாறவில்லை. காஜிப்பூர் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் காகிதம். தலைப்பில் 1878-ன் சட்டம் என்று இருந்தால் அபின், 1886-ன் ஆப்காரிச் சட்டம் என்று இருந்தால் கஞ்சா, இரண்டும் தனித்தனி லைசென்ஸாக இருக்கலாம். எந்தத் தாலுகா, எந்த ஊர்க் கடை, ஒரு ஆளுக்கு எத்தனை தோலா என்று பாருங்கள். பின்பக்கம் நிபந்தனைகள் அச்சிட்டிருந்தால் அதை முதலில் படம் எடுத்து வையுங்கள், முன்பக்கத்தைவிட அதுதான் அரிது. லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஓரத்தில் கிஸ்தி (தவணைப் பணம்) கட்டிய குறிப்புகள் இருந்தால் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் அரசாங்கத்துக்கு எவ்வளவு கட்டினார் என்று தெரிந்துவிடும்.